கர்த்தரிடம் மட்டும் சொன்ன விஷயம்

எங்கள் துறைமுக ஊரான போர்ட்ஸ்மவுத்தில் லானி தார்ப்பிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் அது ஊர் முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால், பதிலை அவரே சொல்வார்: "நான் வண்டியை ஸ்டார்ட் பண்ற நேரம்." சொல்லிவிட்டு முதலில் சிரிப்பதும் அவர்தான். "எங்கம்மா எனக்கு வச்ச பேரு லானி, ஊரு வச்ச பேரு ரேடியோ. ரேடியோன்னா அணைச்சுத் தொலைக்கலாமேன்னு என் பெண்டாட்டி அழறா" என்பார். தன்னைத் தானே இப்படி வாரிக்கொள்கிற மனுஷரிடம் கோபப்படவும் முடியாது. அதுதான் அவருடைய பிழைப்பின் ரகசியம். நாங்களும் சிரித்துச் சிரித்தே அவரைக் கெடுத்து வைத்திருந்தோம்.

தொழில், கப்பலுக்குப் பெயிண்ட் அடிப்பது. கரையில் நின்று வெளிப்புறத்துக்கு அடிக்கிற சொகுசு வேலை அல்ல. கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் இறங்கி, துருவைச் சுரண்டி, தூசியை உறிஞ்சி எடுத்து, அப்புறம் அடிக்கிற வேலை. உள்ளே முகமூடி போட்டால் ஒரு வார்த்தை பேச முடியாது. "என் வீட்டுக்காரி அதுக்காகத்தான் என்னை இந்தத் தொழில்ல தள்ளிவிட்டா" என்று அதையும் சொல்லிச் சிரிப்பார். சொந்தமாக ஒரு சின்ன கம்பெனி. அவரை நம்பி ஒரு டஜன் குடும்பம்.

அவருக்கு வேலை கொடுக்கும், கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் மேற்பார்வையாளர் வெண்டல் பிரிங்க்லி. இரண்டு பேரும் இளவட்டமாக இருந்தபோது ஒரே தொட்டிக்குள் துரு சுரண்டியவர்கள். வெண்டல் நேர் எதிர். ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தைதான் என்று ரேஷன் போட்டது போலப் பேசுவார். ஒருவர் பேச, ஒருவர் கேட்க, முப்பது வருஷமாக அந்த சிநேகிதம் சண்டையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

வினை ஒரு அரசாங்கக் கப்பல் ரூபத்தில் வந்தது. எந்தத் துறையின் கப்பல் என்று சொல்லப்போவதில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அந்தத் துறைதான் சோறு போடுகிறது. தொட்டிக்குள் அடித்த பெயிண்ட் கொஞ்ச நாளிலேயே அம்மை போட்ட முகம் மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. துறை ஒரே போடாகப் போட்டது. வேலையைச் சரியாகச் செய்யத் தவறியவர்கள் என்று யார்டு மேல் முத்திரை குத்தி ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டது. இந்தத் தொழிலில் அந்த முத்திரை விழுந்தவனுக்கு அப்புறம் எவனும் கதவைத் திறக்கமாட்டான். யார்டு பெரிய இடம், எப்படியாவது மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். லானியின் கம்பெனி அந்த வருஷக் கடைசியைத் தாண்டாது.

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் யார்டு பெயிண்ட்காரனைக் காட்டும், பெயிண்ட்காரன் யார்டைக் காட்டுவான், அரசாங்கம் காலை நீட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். இந்தத் தடவை யார்டின் வக்கீல் மிஸ் கெம்பர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நாம் பெயிண்ட் அடித்த நேரத்தில் கப்பல் ஆட்கள் பக்கத்துத் தொட்டியில் கடல் தண்ணீரை நிரப்பியிருக்கிறார்கள், அந்தக் குளிரில் நடுச்சுவர் வியர்த்து ஈரமாகியிருக்கிறது, ஆகவே குற்றம் அவர்களுடையது, நாம் இரண்டு பேரும் சேர்ந்தே நின்று வழக்காடுவோம் என்றார். லானிக்கும் தனியாக ஒரு வக்கீல் உண்டு. அவர் அதிகம் பேசமாட்டார். லானி பக்கத்தில் உட்காருகிற யாருக்கும் அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை.

கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்று மிஸ் கெம்பர் லானியின் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஊரில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார் போல.

"மிஸ்டர் தார்ப், நல்லாக் கேட்டுக்குங்க. வக்கீல்கிட்ட பேசறதை எதிராளி கேட்டு வாங்க முடியாது. சாதாரணமா மூணாவது ஆள் காதுல விழுந்துட்டா அந்தப் பாதுகாப்பு போயிடும். ஆனா உங்க ரெண்டு கம்பெனிக்கும் எதிராளி ஒண்ணு, வழக்கு ஒண்ணு. அதனால இந்த ரூம்ல வெண்டல் சொல்றதை நீங்க கேட்டா அது வெளியாள் கேட்டதா ஆகாது. புரியுதா?"

"புரியுது மேடம். நான் உள்ளாள்."

"ரூமுக்குள்ள இருக்கறவரைக்கும். வெளியில போய் வாயைத் திறந்தீங்கன்னா எல்லாம் போச்சு."

"என் சம்சாரம்கிட்ட?"

"வெளியாள்."

"முடிவெட்டறவன்கிட்ட?"

"மிஸ்டர் தார்ப்!"

"சரி, என் நாய்கிட்டயாவது சொல்லலாமா?"

மிஸ் கெம்பர் ஒரு நிமிஷம் யோசித்தார். "நாயை சாட்சிக்குக் கூப்பிட மாட்டாங்க. அதுகிட்ட எவ்வளவு வேணும்னாலும் பேசிக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வெண்டல் சிரிக்கவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் ஒரு வார ரேஷனையும் சேர்த்து ஒரே மூச்சில் கொட்டினார்.

"ஒரு விஷயம் இருக்கு. தொட்டிக்குள்ள ஈரம் உறிஞ்சற மெஷின் ராத்திரி பூரா ஓடணும். ஒரு நாள் ஓடல. பக்கத்துக் கப்பலுக்குக் கரண்ட் பத்தலன்னு நான்தான் நிறுத்தச் சொன்னேன். விடியறப்ப வந்து போட்டேன். யாருக்கும் தெரியாது. பெயிண்ட் எழும்பிச்சுன்னு கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. வீட்லகூட சொல்லல."

லானிகூடப் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிஸ் கெம்பர் பதறவில்லை. அந்த ஒரு ராத்திரியால் கெடுதல் உண்டா இல்லையா என்று இன்ஜினீயர் பார்த்துச் சொல்லட்டும், அறிக்கை கையில் வரும்வரை இது வெளியில் போகக்கூடாது என்றார். "அதுக்கு முன்னாடி போச்சுன்னா, இதுதான் காரணம்னு சொல்லி அவங்க கேஸை மூடிடுவாங்க. முத்திரை நிலைச்சிடும். வெண்டலுக்கு வேலையும் போகும்."

வெளியே வந்ததும் லானி சிநேகிதரின் தோளைத் தட்டி, "என் உயிரே போனாலும் சொல்லமாட்டேன்டா" என்றார். மனதாரத்தான் சொன்னார். பாவம், அவருக்கு உயிரைப் பற்றித் தெரிந்த அளவு வாயைப் பற்றித் தெரியவில்லை.

அப்புறம் வந்த நாட்களில் மனுஷர் பட்ட பாடு இருக்கிறதே! முடிவெட்டுகிற கடைக்குப் போனால் பேச்சு வரும் என்று போகவில்லை. தலை புதர் மாதிரி வளர்ந்துவிட்டது. தூண்டில் புழு விற்கிற கடையில் வாய் நிறையச் சூயிங்கம் போட்டுக்கொண்டு சைகையில் சாமான் வாங்கினார். வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கிவிட்டாள், பக்கவாதமோ என்று பயந்துபோய். நாயிடம் சொல்லிப் பார்த்தார். அது கொட்டாவி விட்டது. "வாழ்க்கையில முதல் தடவையா ஒரு நல்ல விஷயம் கையில இருக்கு, கேட்கறதுக்கு ஒரு காது இல்ல" என்று பின்னால் அவரே சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் உள்ளே நிஜமாகவே ஒரு பாரம் இருந்தது. வெண்டல் தினமும் சிவந்த கண்ணோடு வேலைக்கு வந்துகொண்டிருந்தார். அது லானிக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் அந்தப் புதன்கிழமை வந்தது.

புதன்கிழமை சாயந்திரம் எங்கள் பாப்டிஸ்ட் சபையில் சாப்பாடும் ஜெபக்கூட்டமும். பொரித்த கோழி, வாழைப்பழப் புட்டிங், அப்புறம் போதகர் பர்விஸ் எழுந்து, "யாருக்காக ஜெபிக்கணும், சொல்லுங்க" என்பார். ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள்: முழங்கால் ஆபரேஷன், மகனின் பரீட்சை, மருமகளின் குணம். வெளியில் சொல்ல முடியாத விஷயம் என்றால் கையைத் தூக்கி, "சொல்லா விண்ணப்பம்" என்றால் போதும். என்னவென்று யாரும் கேட்கமாட்டார்கள், சபை கண்ணை மூடி ஜெபித்துவிடும். கேட்கமாட்டோமே தவிர, வீடு போய்ச் சேரும்வரை அது என்னவாக இருக்கும் என்று பேசித் தீர்ப்போம், அது வேறு.

லானி கையைத் தூக்கினார். "சொல்லா விண்ணப்பம்" என்றார். உட்கார்ந்தார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

உட்கார்ந்தவர் மறுபடி எழுந்தார். "எனக்காக இல்ல, ஒரு சிநேகிதனுக்காக" என்றார்.

"ஆமென்" என்றார் போதகர்.

"வெண்டல்னு பேரு." சபை திரும்பிப் பார்த்தது. "வெண்டல் பிரிங்க்லி. ஊர்ல ரெண்டு மூணு வெண்டல் இருக்காங்க, கர்த்தர் வேற வெண்டலைத் தூங்க வச்சுடக் கூடாதே. அவனுக்குத் தூக்கம் வரல. கப்பல் தொட்டியில ஈரம் உறிஞ்சற மெஷினை அவன்தான் ஒரு ராத்திரி நிறுத்தச் சொன்னானாம், அதை நினைச்சு நினைச்சு உருகறான். யார்கிட்டயும் சொல்ல முடியல. அவனுக்கு மனசு ஆறணும். அவ்வளவுதான்."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. சபையே உருகிப்போய் ஜெபித்தது. நானும் ஜெபித்தேன், ஏன் பொய் சொல்ல? ஜெபித்துக்கொண்டே, மெஷினா, என்ன மெஷின் என்றும் யோசித்தேன். லானி அன்றைக்கு வயிறு லேசாகி, இரண்டாவது கிண்ணம் புட்டிங் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். ஒப்பந்தத்தை மீறிவிட்டோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஜெபம் பேச்சில் சேருமா என்ன?

சேரும் என்று தெரிய ஒரு வாரம் ஆனது. யார்டில் வெண்டல் அவரை ஓரமாக அழைத்தார்.

"டேய் லானி, என் வீட்ல யாராவது செத்துட்டாங்களா? எனக்குத் தெரியாம?"

"ஏன்டா அப்படிக் கேக்கறே?"

"தினம் ஒரு பொம்பளை கதவைத் தட்டி, அடுப்புல வெந்த கேசரோலைக் கண்ணாடித் தட்டோட குடுத்துட்டுப் போறாங்க. கோழி, உருளைக்கிழங்கு, மக்ரோனி... வைக்க இடமில்ல. நேத்து ஒரு கிழவி என்னைக் கட்டிப் பிடிச்சு, 'மெஷினைப் பத்திக் கவலைப்படாதே தம்பி, கர்த்தர் பாத்துப்பார்'னாங்க. பக்கத்துல என் பெண்டாட்டி நின்னுட்டிருந்தா."

எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குத்தான் இப்படிச் சமைத்துக் கொண்டுபோவார்கள், ஆனால் எங்கள் சபைப் பெண்களுக்கு ஒருவர் துன்பம் காதில் விழுந்தாலே போதும், அடுப்பைப் பற்ற வைத்துவிடுவார்கள். வெண்டல் வேறு சபை, மெத்தடிஸ்ட் ஆள் என்பதெல்லாம் கோழிக்குத் தெரியாது.

"ஜெபம்தான்டா பண்ணச் சொன்னேன்" என்றார் லானி, ஈனஸ்வரத்தில்.

"பேரைச் சொல்லியா?"

"பேர் சொல்லாம எப்படிடா..."

வெண்டல் திட்டவில்லை. தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுகிறவர் மாதிரி பார்த்தார், மறுபடி போட்டுக்கொண்டார், வேலைக்குப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று லானிக்குத் தோன்றியது.

இதை உடனே வக்கீலிடம் ஓடிச் சொல்லியிருக்க வேண்டும். ஊரில் எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்கிற மனுஷர், சொல்லவேண்டிய ஒரே ஆளிடம் மட்டும் சொல்லவில்லை. பயம்தான்.

அப்புறம் எதிர்த்தரப்பான துறையின் வக்கீல் லானியை நேரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கிற நாள் வந்தது. கால்டர் என்று ஒரு பொடியன், சட்டைக் கழுத்து உடைந்துவிடும் போல விறைப்பு. சத்தியம் வாங்கிக்கொண்டு, எல்லோரையும் கேட்கிற சாதாரணக் கேள்வியைத்தான் கேட்டான்.

"இந்த வழக்கு சம்பந்தமா வக்கீல்களைத் தவிர வேற யார்கிட்டயாவது பேசினீங்களா?"

"இல்ல சார்."

"யார்கிட்டயுமே?"

லானி சத்தியம் செய்திருந்தார். கையை வேறு பைபிள் மேல் வைத்திருந்தார். "கர்த்தர்கிட்ட மட்டும்தான்" என்றார்.

கால்டர் அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தான். பிறகு என்ன தோன்றியதோ, தலையை நிமிர்த்தினான். "அப்ப பக்கத்துல வேற யாராச்சும் இருந்தாங்களா?"

மிஸ் கெம்பர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இருந்தாங்க. போதகர் பர்விஸ். ஹாப்குட் குடும்பம் பூரா. மிஸ் யூனிஸ், ஆனா அவங்களுக்குக் காது கேக்காது. அப்புறம்... அப்புறம் லொரெட்டா ஸ்பைவி."

கால்டரின் பேனா நின்றுவிட்டது. லொரெட்டா ஸ்பைவி வேலை பார்ப்பது, ஒப்பந்தத்தை ரத்து செய்த அதே துறையில், அதே பிரிவில், கால்டர் தினமும் காப்பி குடிக்கப் போகிற வழியில். லொரெட்டா சபையில் லானிக்கு அடுத்த நாற்காலியில்தான் உட்காருவாள். அந்தப் புதன்கிழமை மனுஷருக்கு அது எங்கே ஞாபகம் இருந்தது?

அங்கே என்ன சொன்னீர்கள் என்று கால்டர் கேட்க, மிஸ் கெம்பர் மேஜையைத் தட்டி எழுந்தார். பதில் சொல்லவேண்டாம் என்றார். விஷயம் வழக்கை விசாரிக்கிற நீதிபதியிடம் போனது. வராந்தாவில் லானியை நிறுத்தி வைத்து மிஸ் கெம்பர் கேட்டார்: "நாய் இருந்துச்சே, மிஸ்டர் தார்ப். நாய் என்ன பாவம் பண்ணிச்சு?"

அன்றைக்குத்தான் ஒரு விஷயம் லானிக்கு உறைத்தது: ஒன்றரை மாதமாக அது லொரெட்டாவின் காதில் இருந்திருக்கிறது, அவளுடைய ஆபீசில் ஒரு ஈ, காக்கைக்குக்கூடத் தெரியாது. தெரிந்திருந்தால் கால்டர் அந்தக் கேள்வியிலிருந்துதானே ஆரம்பித்திருப்பான்! அவள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அவளைக் காட்டிக்கொடுத்ததும் லானியின் வாய்தான்.

நீதிபதி முடிவு சொல்லும்வரை லொரெட்டாவை மேஜையை விட்டு எழுப்பி, வேலையே இல்லாத ஒரு அறையில் உட்காரவைத்தார்கள். மேலதிகாரிகள் சுற்றி நின்று என்ன கேட்டாய், என்ன கேட்டாய் என்று துளைத்தார்கள். "ஜெபத்துல கேக்கறதை மேலே அனுப்பிடுவேன் சார். காப்பி எடுத்து வச்சுக்கறதில்ல" என்றாளாம். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு சொல் பெயரவில்லை.

கடைசியில் நீதிபதி நல்லபடியாகத்தான் சொன்னார். கூட்டுச் சேர்ந்தவர்களில் ஒருவர் தன் பேச்சை வேண்டுமானால் தெருவில் கொட்டிக்கொள்ளலாம், அடுத்தவர் நம்பிச் சொன்னதைக் கொட்ட அவருக்கு உரிமை இல்லை, ஆகவே வெண்டல் அந்த அறையில் சொன்னது இன்னும் பத்திரமாகத்தான் இருக்கிறது, அதைப் பற்றி யாரையும் கேட்கக்கூடாது. லொரெட்டாவுக்கு மேஜை திரும்பக் கிடைத்தது. அதற்குள் இன்ஜினீயரின் அறிக்கையும் வந்துவிட்டது: மெஷின் நின்ற ராத்திரியால் ஒரு கெடுதலும் இல்லை, கொப்புளம் எழும்பியது முழுக்க, கடல் தண்ணீர் நிரப்பிய பக்கத்துச் சுவரில் மட்டும்தான். வெண்டலை விசாரிக்கிற நாள் வருவதற்கு முன்பே துறை முத்திரையை நீக்கிக்கொண்டது. லானியின் கம்பெனி பிழைத்தது.

லானி வண்டியை விரட்டிக்கொண்டு வெண்டல் வீட்டுக்குப் போனார். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்: "டேய், நீதிபதியே சொல்லிட்டாருடா! நீ சொன்னது இன்னும் ரகசியம்தானாம்! நான் என்ன உளறினாலும் அது கணக்குல வராதாம். என் வாய்க்குச் சட்டத்துலயே மதிப்பில்லன்னு தீர்ப்பு எழுதிட்டாங்கடா!"

வேறு நாளாக இருந்தால் வெண்டல் சிரித்திருப்பார்.

"நல்லது லானி" என்றார். "ரொம்ப நல்லது." பிறகு உள்ளே கை காட்டினார். "உங்க சபைப் பாத்திரம் எல்லாம் கழுவி வச்சிருக்கு. அடியில பேர் ஒட்டியிருக்கு. கொண்டுபோய்க் குடுத்துடறியா?"

அவ்வளவுதான். உட்காரச் சொல்லவில்லை. கண்ணாடித் தட்டுகளைத் துணி சுற்றி, ஒவ்வொன்றாக அவரே வண்டியில் வைத்துக் கொடுத்தார். "பாத்துப் போ" என்றார். முன்பின் தெரியாத ஆளிடம் சொல்கிற அதே மரியாதையோடு சொன்னார்.

லானி தூறலில் வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும் அதே கேள்வி. "அந்த மெஷின் கதை கடைசியில என்னாச்சு லானி?" என்றாள் ஹாப்குட் வீட்டுக்காரி, வாயெல்லாம் ஆசையாக.

"நல்ல வெயில் இன்னைக்கு" என்றார் லானி, தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. தட்டைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டார்.

கடைசித் தட்டில் ஸ்பைவி என்று ஒட்டியிருந்தது. லொரெட்டா கதவைத் திறந்தாள். லானி வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பு ஒரு பிரசங்கம் அளவுக்கு இருந்தது. "மிஸ் லொரெட்டா, நான் ஒரு மடையன், என் நாக்கை..."

"தட்டைக் குடு லானி. மழையில நிக்கறே."

கொடுத்தார். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். மெஷினைப் பற்றி அவள் கேட்கவில்லை. தீர்ப்பைப் பற்றியும் கேட்கவில்லை.

"வெண்டல் இப்பத் தூங்கறாரா?" என்றாள்.

லானி வாயைத் திறந்தார். ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் தெரிந்த மனுஷர்.

"தெரியல மிஸ் லொரெட்டா" என்றார். "அவன் என்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்றதில்ல."